"வீட்டில் தமிழ் பேசுவதுதான் காரணம்" என்று கவுன்சில் மறுத்தால்

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, இயர் ஒன் படிக்கிறான். தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். வகுப்பில் சத்தம் கூடினால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். அவன் அக்கா இதே வீட்டில் இதே தமிழைக் கேட்டு வளர்ந்தவள், அவளுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்பு உதவிகளை எழுதித் தரும் சட்டபூர்வத் திட்டமான இ.எச்.சி. பிளானுக்கான மதிப்பீடு கேட்டு நானே உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதினேன். பதில் வரவே மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. மறுத்துவிட்டார்கள். வீட்டு மொழி தமிழ் என்பதால் ஆங்கிலம் பழக நேரம் எடுக்கிறது, பள்ளி தன் பணத்தில் செய்ய வேண்டியதை இன்னும் செய்து முடிக்கவில்லை, கல்வி உளவியலாளரின் அறிக்கை இல்லை என்று மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். கடிதத் தேதியிலிருந்து ஐந்து வாரம் ஆகிறது. ஒருவர் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகச் சொல்கிறார், இன்னொருவர் ஹைகோர்ட்டில் வழக்குப் போடச் சொல்கிறார். பள்ளியில் சிறப்புக் கல்வியைக் கவனிக்கும் ஆசிரியரான சென்கோ, ஆறு மாதம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்கிறார். இதற்கிடையில் பள்ளிச் சுற்றுலா வந்த இரண்டு தடவையும் மகனை வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறார். கவுன்சிலோடு மோதினால் விசாவுக்குப் பாதிப்பு வருமோ என்று பயப்படுகிறார். வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறோம். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் நாள்கணக்கைப் பார்த்துவிடுவோம். மதிப்பீடு செய்ய மாட்டோம் என்று கவுன்சில் எழுதிய கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்தில், அதாவது செண்ட் ட்ரைபியூனலில், மேல்முறையீடு செய்ய வேண்டும். மத்தியஸ்தச் சான்றிதழின் (அதை வாங்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்) தேதியிலிருந்து ஒரு மாதம் என்று இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவே கடைசி நாள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளை வைத்து எண்ணாதீர்கள், கடிதத்தின் மேல் அச்சாகியிருக்கும் தேதிதான் கணக்கு. ஐந்து வாரம் போய்விட்டது என்றால் இன்னும் மூன்று வாரமும் சில நாட்களும் இருக்கின்றன. அது போதும்.

சென்கோ சொன்ன ஆறு மாதக் கதையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே மதிப்பீடு நடந்து முடிந்த பிள்ளைக்குத்தான் அந்த ஆறு மாத இடைவெளி. உங்கள் மகனுக்கு மதிப்பீடே நடக்கவில்லையே. நாளைக்கே மறுபடி விண்ணப்பித்தாலும் தடையில்லை. ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புது விண்ணப்பம் போட்டால் கவுன்சிலுக்கு முதலிலிருந்து இன்னொரு ஆறு வாரம் கிடைக்கிறது, உங்களுக்கோ இந்த மறுப்பை எதிர்க்கும் காலக்கெடு கடந்துபோகிறது. "இன்னும் கொஞ்சம் ஆதாரம் சேர்த்துக்கொண்டு திரும்ப வாருங்கள்" என்று நல்ல மனதோடுதான் பலரும் சொல்கிறார்கள். அந்த ஆதாரத்தை மேல்முறையீட்டோடு சேர்த்தே அனுப்பலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. இப்படிக் காத்திருந்தே ஒரு முழுப் பள்ளி ஆண்டைத் தொலைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கவுன்சிலின் முடிவுக்கு வருவோம். இங்கிலாந்தில் இந்த விஷயத்தை ஆள்வது 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம். அதன் 36-ஆவது பிரிவு கவுன்சில் இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறது. இந்தப் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடுமா? அதற்கான உதவியை இ.எச்.சி. பிளான் மூலம் கொடுக்க வேண்டி வரக்கூடுமா? இரண்டுக்கும் "ஆம், இருக்கக்கூடும்" என்பது பதிலானால் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். பிளான் கட்டாயம் தேவை என்று நீங்கள் இப்போது நிரூபிக்க வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டி கவுன்சில் சம்பந்தப்பட்ட 2016-ஆம் ஆண்டு வழக்கில் மேல் தீர்ப்பாயம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: இந்தக் கட்டத்தில் எடுப்பது ஒரு தற்காலிகக் கணிப்பு மட்டுமே, உறுதியான முடிவு மதிப்பீடு முடிந்த பிறகுதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள். கல்வி உளவியலாளரின் அறிக்கை இல்லையாம். மதிப்பீடு தொடங்கினால் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டியது கவுன்சிலின் கடமை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2014 ஒழுங்குவிதிகளில் 6-ஆவது விதி அதைக் கட்டாயமாக்குகிறது. பள்ளியிடமிருந்தும், மருத்துவத் துறையிடமிருந்தும், சமூகப் பராமரிப்புத் துறையிடமிருந்தும், பெற்றோரிடமிருந்தும் ஆலோசனை வாங்க வேண்டும் என்று அதே விதிதான் சொல்கிறது. மதிப்பீட்டின் போது தாங்களே பெற வேண்டிய ஒன்று இல்லை என்பதைக் காட்டி மதிப்பீட்டையே மறுப்பது எப்படிச் சரியாகும்? உங்கள் முறையீட்டில் இதற்கு இரண்டு வரி போதும்.

பள்ளி இன்னும் செய்து முடிக்கவில்லை என்ற காரணம் இன்னும் கொஞ்சம் கவனம் கேட்பது. சிறப்புத் தேவையுள்ள ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு முதல் 6,000 பவுண்டு வரையான உதவியைப் பள்ளி தன் நிதியிலிருந்தே செய்யும் என்பது இங்கிலாந்தின் நிதி ஏற்பாடு. பள்ளி இதுவரை என்ன செய்தது, அதனால் என்ன முன்னேற்றம் வந்தது என்று கவுன்சில் பார்ப்பதில் தவறில்லை. சிறப்புக் கல்விக்கான அரசின் வழிகாட்டி நூலான 2015 நடைமுறைக் கோவையும் அதைப் பார்க்கத்தான் சொல்கிறது. ஆனால் அந்தத் தொகையைச் செலவழித்து முடித்தால்தான் மதிப்பீடு என்றோ, பிள்ளை இத்தனை ஆண்டு பின்தங்கியிருந்தால்தான் மதிப்பீடு என்றோ சட்டத்தில் எங்கும் இல்லை. கவுன்சில்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொள்ளும் உள்விதி சட்டத்தை மீற முடியாது. அதோடு, பள்ளி செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால் அதற்கு உங்கள் மகனைத் தண்டிப்பது என்ன நியாயம்?

இனி, என்னை அதிகம் வருத்திய முதல் காரணம். வீட்டில் தமிழ்.

சட்டத்தின் 20-ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருக்கிறது என்று கொள்ளக்கூடாது என்கிறது அது. வேற்றுமொழிப் பிள்ளைகளை அவசரப்பட்டுச் சிறப்புத் தேவைப் பட்டியலில் தள்ளிவிடாமல் காக்கத்தான் அந்த ஏற்பாடு. அதைத் தலைகீழாக்கி, வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், எனவே இந்தப் பிள்ளைக்கு வேறு சிரமமே இருக்காது என்று முடிவுகட்டுகிறார்கள். நம் பிள்ளைகளின் கோப்புகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது. நடைமுறைக் கோவை சொல்வது நேர்மாறானது: ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள பிள்ளை சிரமப்பட்டால், அது ஆங்கிலம் பழகாததால் மட்டுமா, அல்லது வேறு தேவையும் சேர்ந்திருக்கிறதா என்று தனிக் கவனத்தோடு ஆராய வேண்டும்.

உங்கள் மகன் தமிழிலும் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முறையீட்டின் உயிரே அந்த வரிதான். பிறந்ததிலிருந்து கேட்டுவரும் மொழியிலேயே வயதுக்கேற்ற பேச்சு வரவில்லை என்றால், ஆங்கிலம் புதிது என்பது எப்படி முழுக் காரணமாகும்? அதே வீட்டில் அதே மொழியோடு வளர்ந்த அக்காவுக்குச் சிக்கல் இல்லை என்பதும் அதையே காட்டுகிறது. மேசைக்கு அடியில் ஒளிவதற்கும் மொழிக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே தமிழில் ஆதாரம் சேருங்கள். சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான் என்றால் அந்த ஆசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். அதே வயதுப் பிள்ளைகள் தமிழில் என்ன பேசுகிறார்கள், இவன் என்ன பேசுகிறான், சொன்னதைப் புரிந்துகொள்கிறானா, கூட்டத்தில் எப்படி இருக்கிறான் என்று அவர் கண்டதை எழுதினால் போதும், ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் வசதி. தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பில் எப்படிப் பேசுகிறான் என்பதை நீங்களே எழுதலாம். ஒரு வாரம் குறித்துவையுங்கள்: என்ன கேட்டான், எப்படிக் கேட்டான், எங்கே தடுமாறினான், எதற்கு அழுதான். "அவன் நல்லா பேசமாட்டான்" என்று பொதுவாக எழுதுவதைவிட, "தண்ணீர் வேண்டும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாய் அருகே போகிறான்" என்பது போன்ற ஒரு வரிக்குத் தீர்ப்பாயத்தில் மதிப்பு அதிகம். என்.எச்.எஸ். பேச்சு சிகிச்சையாளரின் வரிசையில் காத்திருந்தால் அந்தப் பரிந்துரைக் கடிதத்தையும் சேருங்கள். சந்திப்பு கிடைக்கும் போது தமிழிலும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை பேசும் எல்லா மொழிகளையும் கணக்கில் எடுத்தே மதிப்பிட வேண்டும் என்பது இந்நாட்டுப் பேச்சு சிகிச்சையாளர்களின் ராயல் காலேஜ் வைத்திருக்கும் வழிகாட்டுதல். மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு.

தமிழை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சகோதரி. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை, பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளையாலும் இரண்டு மொழி பழக முடியும். பெற்றோர் தங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுவதுதான் பிள்ளைக்கு நல்லது என்பதே சிகிச்சையாளர்களின் நிலைப்பாடு. பள்ளியில் யாராவது தமிழை விடச் சொன்னால் அந்த அறிவுரையை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பள்ளிக் கோப்பையும் வாங்கிவிடுங்கள். கவுன்சில் நடத்தும் பள்ளி என்றால், எழுதிக் கேட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் மகனின் கல்விப் பதிவுகளைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும். கவுன்சிலின் கீழ் இல்லாத அகாடமிப் பள்ளி என்றால் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள். கவுன்சிலிடமும் அதே சட்டப்படி மகனைப் பற்றிய ஆவணங்களைக் கேட்கலாம். மறுப்பு எடுத்த கூட்டத்தின் குறிப்புகளில் கடிதத்தில் இல்லாத விஷயங்கள் சில சமயம் கிடைக்கும். கோப்பு வருவதற்காக முறையீட்டைத் தள்ளிப்போட வேண்டாம், பின்னர் வரும் ஆதாரத்துக்குத் தீர்ப்பாயம் தனியாக ஒரு தேதி கொடுக்கும்.

முறையீட்டுக்கு முன் ஒரு படி இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் மீடியேஷன் என்ற தலைப்பின் கீழ் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அதைக் கூப்பிட்டாக வேண்டும். மத்தியஸ்தத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம், கூப்பிட்டுத் தகவல் கேட்பதுதான் கட்டாயம். வேண்டாம் என்றால் மூன்று வேலை நாட்களுக்குள் சான்றிதழ் அனுப்புவார்கள். அது இல்லாமல் தீர்ப்பாயம் உங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளாது. மத்தியஸ்தம் வேண்டும் என்றால் கவுன்சில் 30 நாட்களுக்குள் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரை அனுப்ப வேண்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியரின் கடிதம் போன்ற புது ஆதாரம் கையில் இருந்தால் மத்தியஸ்தத்திலேயே கவுன்சில் இறங்கிவரும் வாய்ப்பு உண்டு. என்றாலும், உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், நான் நேரே சான்றிதழ் வாங்கி முறையீட்டைப் பதிவு செய்வேன். மதிப்பீடு செய்வதா வேண்டாமா என்பதில் பேரம் பேச நடுவில் எதுவும் இல்லை. வழக்கு பதிவான பிறகும் கவுன்சில் எப்போது வேண்டுமானாலும் இணங்கலாம், பல கவுன்சில்கள் அப்படித்தான் இணங்குகின்றன.

மதிப்பீடு மறுப்புக்கான படிவத்தின் பெயர் செண்ட் 35ஏ. அரசின் இணையதளத்தில் கிடைக்கும். மறுப்புக் கடிதத்தையும் மத்தியஸ்தச் சான்றிதழையும் இணைத்து அனுப்புங்கள். கட்டணம் ஒரு பென்னி கிடையாது. காரணம் எழுதும் இடத்தில் சட்டமொழி தேவையில்லை. 36-ஆவது பிரிவின் இரண்டு கேள்வியையும் முதலில் எழுதி, உங்கள் மகனைப் பற்றிய உண்மைகளை ஒவ்வொன்றின் கீழும் வையுங்கள், பிறகு கவுன்சிலின் மூன்று காரணத்துக்கும் பதில் எழுதுங்கள். இரண்டு மூன்று பக்கம் போதும். இந்த வகை முறையீடுகளைப் பெரும்பாலும் ஆவணங்களைப் படித்தே தீர்க்கிறார்கள். நேர்விசாரணை நடந்தால் அது வழக்கமாக வீடியோவில்தான், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே குறித்தால் இலவசமாகக் கிடைக்கும். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, பெற்றோர் தாங்களாகவே நடத்துவதைத் தீர்ப்பாயம் நன்கு பழகியிருக்கிறது. தோற்றாலும், நியாயமற்ற முறையில் வழக்கை நடத்தினால் அன்றி, கவுன்சிலின் செலவை நீங்கள் கட்ட வேண்டி வராது. அண்மை ஆண்டுகளில் விசாரணை வரை போன முறையீடுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெற்றோர் பக்கம் முழுதாகவோ ஓரளவோ முடிந்திருக்கின்றன. நம்பிக்கையோடு போங்கள்.

கைகொடுக்க ஆட்கள் வேண்டும் என்றால், ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இப்சியா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களும் தொலைபேசி ஆலோசனையும் தருகிறது. வருமானம் குறைவாக இருந்தால் முறையீட்டைத் தயாரிக்கச் சட்ட உதவி நிதியும் கிடைக்கலாம்.

ஓம்புட்ஸ்மன், ஹைகோர்ட் இரண்டையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே உண்மையான வழிகள்தான், ஆனால் இந்த மறுப்புக்கு உரியவை அல்ல. தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமை இருக்கும் முடிவை ஓம்புட்ஸ்மன் விசாரிக்க மாட்டார். ஹைகோர்ட்டின் நீதித்துறை மறுஆய்வும் வேறு வழி இல்லாதபோதுதான். ஹைகோர்ட்டுக்குப் போய்ப் பணத்தையும் மாதங்களையும் செலவிட்டபின் "தீர்ப்பாயத்துக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டால், அதற்குள் உங்கள் இரண்டு மாதமும் போயிருக்கும்.

தாமதம் மட்டும் வேறு விஷயம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று ஆறு வாரத்துக்குள் சொல்ல வேண்டிய கவுன்சில் மூன்று மாதத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. அந்தத் தவறை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் எதுவும் கேட்க முடியாது. அதற்குக் கவுன்சிலின் புகார் நடைமுறையை முடித்துவிட்டு, தாமதத்தை நீங்கள் அறிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். இது அவசரமில்லை. முறையீட்டைப் பதிவு செய்த பிறகு ஓய்வாக எழுதுங்கள்.

பள்ளிச் சுற்றுலா விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அப்படி விட மாட்டேன். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை அந்தக் காரணத்துக்காகச் சுற்றுலாவிலிருந்து ஒதுக்குவதும், அவனும் போய்வர நியாயமான ஏற்பாடுகளைச் செய்யாமல் இருப்பதும் 2010 சமத்துவச் சட்டப்படி பாகுபாடாகலாம். டயக்னோசிஸ் கடிதம் இருந்தால்தான் என்பதில்லை. அன்றாட வாழ்க்கையை நீண்டகாலமாக, குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கும் குறைபாடா என்றுதான் சட்டம் பார்க்கிறது. இதற்கான வழக்கும் அதே தீர்ப்பாயத்துக்குத்தான் போகும், ஆனால் எதிர்த்தரப்பு கவுன்சில் அல்ல, பள்ளியை நிர்வகிப்பவர்கள். காலக்கெடு சம்பவம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். பண இழப்பீடு கிடைக்காது, மன்னிப்பு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கொள்கை மாற்றம் போன்றவற்றுக்குத்தான் உத்தரவிடுவார்கள்.

உடனே வழக்கு என்று நான் சொல்லவில்லை. சென்கோவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "இன்ன தேதிகளில் நடந்த சுற்றுலாக்களுக்கு மகனை அனுப்ப வேண்டாம் என்று சொன்னீர்கள். அடுத்த முறை அவனும் வர என்ன ஏற்பாடு செய்வீர்கள் என்று தெரிவியுங்கள்" என்று மரியாதையோடு கேளுங்கள். பல பள்ளிகள் அதோடு மாறிவிடும். மாறாவிட்டால் அந்த மின்னஞ்சல் ஆதாரமாக நிற்கும். மதிப்பீடு முறையீட்டிலும் அதற்கு இடம் உண்டு: ஒரு நாள் சுற்றுலாவுக்கே அழைத்துப் போக முடியவில்லை என்று பள்ளி நினைக்கிறது என்றால், தன் வளத்தால் அவன் தேவையைச் சமாளிக்க முடியவில்லை என்று பள்ளியே காட்டுகிறது என்றுதானே பொருள்?

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. விசாவில் இருப்பவர்கள் அரசு அலுவலகத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் நெஞ்சு படபடக்கத்தான் பிரிக்கிறார்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: பள்ளிக் கல்வியும் இ.எச்.சி. பிளானும் குடிவரவு விதிகளில் வரும் பொது நிதிப் பட்டியலில், அதாவது விசா நிபந்தனை தடுக்கும் அரசு உதவிகளின் பட்டியலில், இல்லை. பொது நிதி கூடாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தாலும் பிளான் கேட்பதும் பெறுவதும் விதிமீறல் ஆகாது. தீர்ப்பாயத்தில் முறையிடுவது ஒவ்வொரு பெற்றோருக்கும் சட்டம் கொடுத்த உரிமை, அது விசாவில் கறுப்புப் புள்ளி வைக்கும் குற்றம் அல்ல. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். டி.எல்.ஏ. எனப்படும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை அந்தப் பட்டியலில் உண்டு. மகனுக்காக அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லி யாராவது சொன்னால், குடிவரவுச் சட்டம் தெரிந்தவரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் வேறு சட்டம், வேறு அமைப்பு. அங்குள்ள உறவினர் யாராவது தங்கள் அனுபவத்தைச் சொன்னால் அதை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

முறையீட்டில் வென்றால், இரண்டு வாரத்துக்குள் மதிப்பீட்டைத் தொடங்குவதாகக் கவுன்சில் உங்களுக்கு எழுத வேண்டும். பிளான் கொடுக்க முடிவு செய்தால் உத்தரவு வந்த நாளிலிருந்து 14 வாரத்துக்குள் இறுதிப் பிளான் கைக்கு வர வேண்டும். மதிப்பீட்டுக்குப் பிறகு பிளான் தர மாட்டோம் என்றால் அதையும் எதிர்த்து முறையிடலாம். பிளான் வந்து அதன் உள்ளடக்கம் சரியில்லை என்றாலும் முறையிடலாம்.

அந்த உள்ளடக்கத்தில்தான் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். வரைவு வந்ததும் கருத்துச் சொல்லவும் பள்ளியின் பெயரைக் கேட்கவும் குறைந்தது 15 நாள் உண்டு. நேராக எஃப் பகுதிக்குப் போங்கள், உதவி எழுதப்பட்டிருக்கும் பகுதி அது. "பேச்சு சிகிச்சைக்கான வாய்ப்பு", "தேவைப்படும் போது ஆதரவு", "வாரத்தில் சில முறை" என்று எழுதியிருந்தால் அந்தப் பிளானால் உங்கள் மகனுக்கு ஒரு மணி நேர உதவிகூட உறுதியில்லை. யார் செய்வார், என்ன தகுதி உள்ளவர், வாரத்துக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா என்று எழுத வேண்டும். சாமர்செட் கவுண்டி கவுன்சில் சம்பந்தப்பட்ட 1998 வழக்கிலிருந்தே நீதிமன்றங்கள் இதை வலியுறுத்தி வருகின்றன. பேச்சு சிகிச்சையை மருத்துவ உதவி என்று ஜி பகுதிக்குத் தள்ளியிருந்தால் எஃப் பகுதிக்கு மாற்றக் கேளுங்கள். கற்பிக்கவோ பயிற்றவோ செய்யும் சிகிச்சை சட்டப்படி கல்வி உதவியாகத்தான் கருதப்படும்.

எஃப் பகுதியில் இருப்பதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 42-ஆவது பிரிவு கவுன்சிலைக் கட்டிப்போடுகிறது. பணம் இல்லை, சிகிச்சையாளர் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அங்கே பதிலாகாது. பிளானில் இருப்பது கிடைக்காவிட்டால் அப்போது தீர்ப்பாயத்துக்கு வேலை இல்லை, ஹைகோர்ட்டும் ஓம்புட்ஸ்மனும் உதவிக்கு வருவது அந்தக் கட்டத்தில்தான். வழக்குக்கு முன் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை வழக்கறிஞர் மூலம் அனுப்பினாலே பெரும்பாலும் ஆள் வந்துவிடுவார். அதிலும் நகராவிட்டால் மறுஆய்வு மனுவைத் தாமதமின்றி, மிஞ்சிப்போனால் மூன்று மாதத்துக்குள், போட வேண்டும். ஏற்கெனவே இழந்த உதவிக்கு ஓம்புட்ஸ்மன் ஒரு பள்ளித் தவணைக்கு (டேர்முக்கு) 900 முதல் 2,400 பவுண்டு வரை கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைப்பது வழக்கம். அதற்காக, பிளான் கைக்கு வந்த நாளிலிருந்து எந்த வாரம் எந்த உதவி நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டே வாருங்கள்.